ஏரிக்கரை வளைவுக்குக் கேட்ட வேகத்தடை

தொண்ணூறுகளின் பின்பாதியில், தாம்பரத்தை ஒட்டிய ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை கடிதங்கள். அவற்றில் பாதி, ஒரு வேலையை எங்களால் செய்ய முடியாது என்று சொல்பவை. மீதி, அதை வேறு யாராவது செய்ய வேண்டும் என்று கேட்பவை. முதல் இரண்டு வருஷம் எனக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. பிழையில்லாமல் அடிக்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஏரிக்கரை. சாலை அங்கே சட்டென்று திரும்பும். அந்த வளைவில் காலை நேரத்தில் ஏழெட்டு மீன்காரப் பெண்கள் கூடை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். கோவளம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்கள். அதே சாலையில்தான் தண்ணீர் லாரிகளும் ஓடின. மேடவாக்கத்துக்கு அந்தப் பக்கம் வயல் கிணறுகளில் ரொப்பிக்கொண்டு நகரத்துக்குப் பறக்கும். டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் யாரும் பிரேக்கில் கால் வைக்க விரும்பியதில்லை. மூடி சரியில்லாத லாரிகள் வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகும். கத்திரி வெயிலிலும் அந்த வளைவு ஈரமாக இருக்கும்.

ஒரு நாள் காலையில் ஒரு லாரி அங்கே சறுக்கிக் கூடைகளின் மேல் ஏறியது. ஒரு பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய நாத்தனாருக்கு இடது கால் முறிந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சாலையில் மணல் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள். மறுநாள் யாரும் பேசவில்லை. நானும்தான்.

மூன்று மாதம் கழித்து அந்த நாத்தனார் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பது வயதிருக்கும். கக்கத்தில் கட்டை ஊன்றி, படி ஏற முடியாமல் ஏறி, நேரே நிர்வாக அதிகாரியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். ஈ.ஓ. என்றுதான் அவரைச் சொல்வோம். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"லாரிக்காரன் மேல கேஸ் போலீஸ்ல இருக்கு. இங்க எதுக்கும்மா வந்தே?" என்றார்.

"கேஸ் கெடக்கட்டும் சார். அந்த வளைவுல ஒரு ஸ்பீட் பிரேக்கர் போட்டுக் குடுங்க. வண்டிங்க அந்த எடத்துல மட்டும் மெதுவா போனா போதும். வேற ஒண்ணும் கேக்க வர்ல."

"அது ஹைவேஸ் ரோடு. நாங்க கை வெக்க முடியாது."

"தலைவரு வூட்டாண்ட ஒண்ணு போட்டுகீறீங்களே சார். அதுவும் இதே ரோடுதானே?"

என் விரல்கள் தட்டச்சு இயந்திரத்தின் மேல் நின்றுவிட்டன. அவள் கேட்டது உண்மை. பேரூராட்சித் தலைவர் வீட்டு வாசலில், அதே சாலையில், கெட்டியாக ஒரு வேகத்தடை இருந்தது. தேர்தல் முடிந்த மாதமே போட்டது. அந்தச் சாலையில் ஓடிய தண்ணீர் லாரிகளில் மூன்று அவருடைய மைத்துனர் பேரில் இருந்ததும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஈ.ஓ. பேனாவை மூடினார். "அது டெம்பரரி" என்றார்.

தலைமை எழுத்தர் ஒரு கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வாயில் கசக்கிறது. ஒரு சாவுக்குப் பிறகு கட்டை ஊன்றி வந்து நிற்கிற பெண்ணுக்கு முன்னால் அப்படிச் சிரிக்க முடிந்தது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: நானும் கொஞ்சம் சிரித்தேன். அவர் சிரித்தால் சிரிப்பது எங்களுக்குப் பழக்கம்.

அவள் சொன்னதை மனுவாக எழுதி, கைநாட்டு வாங்கிக்கொண்டோம். நெடுஞ்சாலைத் துறைக்கு நான் கடிதம் அடித்தேன். வேகக் கட்டுப்பாடு வேண்டுமானால் காவல் துறை பரிந்துரைக்க வேண்டும் என்று பதில் வந்தது. காவல் துறைக்கு அடித்தேன். அது கலெக்டர் அறிவிக்க வேண்டிய விஷயம் என்றார்கள். கலெக்டர் அலுவலகத்திலிருந்து, உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானத்தை இணைத்து அனுப்புக என்று வந்தது. மன்றக் கூட்டத்தில் அந்தப் பொருளைத் தலைவர் ஒத்திவைத்தார். அடுத்த கூட்டத்திலும் ஒத்திவைத்தார். ஒவ்வொரு கடிதத்திலும் 'தக்க நடவடிக்கைக்காக' என்று ஒரு வரி வரும். அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்க்காமலே அடிக்கும் அளவுக்கு என் கை பழகிப்போயிற்று.

இதற்கு நடுவில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. மேலிடத்திலிருந்து 'வேகம் 30 கி.மீ.' என்று சிவப்பு வட்டம் போட்ட தகரப் பலகை ஒன்று அனுப்பியிருந்தார்கள். ஏரிக்கரை வளைவில் நட்டுவிடலாமா என்று நான் ஈ.ஓ.விடம் கேட்டேன்.

"நோட்டிபிகேஷன் இல்லாம நட்டா, நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போவான். உள்ள வை" என்றார்.

உள்ளே வைத்தோம். கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டிரம்முக்கு மூடி இல்லை என்று பியூன் அதை எடுத்து மேலே போட்டான். கை கழுவப் போகும்போதெல்லாம் முப்பது கிலோமீட்டரைத் தூக்கித்தான் தண்ணீர் மொள்ள வேண்டும்.

அவள் மாதம் ஒரு தரம் வந்துகொண்டிருந்தாள். கட்டை போய் ஒரு கம்பு வந்தது. மறுபடி அதே வளைவில் கூடை வைத்தாள், வேறு வழியில்லை. வரும்போதெல்லாம் என் மேஜையோரம் நின்று, "இன்னாம்மா, எதனா வந்துச்சா?" என்பாள். நான் இல்லை என்பேன். ஒரு தரம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. சாப்பாட்டு நேரம், அறையில் யாரும் இல்லை.

"அக்கா, இங்க அலையாதீங்க. திங்கக்கிழமை கலெக்டர் நேர்ல மனு வாங்குவார். காஞ்சிபுரம் போய் அவர் கையிலயே குடுத்துடுங்க" என்றேன்.

"எழுதத் தெரியாதேம்மா."

"நான் எழுதித் தர்றேன். யார் எழுதினாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க."

வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதினேன். தட்டச்சு செய்தால் எங்கள் இயந்திரத்தின் எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். அதுவரை எழுதிய கடிதங்களிலேயே அதுதான் நல்ல கடிதம் என்று நினைத்தேன். ஆபத்து நன்றாகப் புரிய வேண்டுமே என்று, 'நாங்கள் எட்டுப் பெண்கள், வண்டிகள் போகும் தாரிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்து வியாபாரம் செய்கிறோம்' என்று எழுதினேன். தலைவர் வீட்டு வேகத்தடையைப் பற்றி ஒரு வரி எழுதி, பிறகு அதை நீக்கிவிட்டேன். கூடப் போகவில்லை. அவ்வளவு தைரியம் இல்லை.

புதன்கிழமை அவள் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். கலெக்டர் நின்று கேட்டாராம். மனுவின் ஓரத்தில் பச்சை மையால் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டாராம்.

"பச்ச இங்க்ல போட்டா நடக்கும்னு அங்க ஒரு ஆளு சொல்ச்சிம்மா."

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. பத்து நாளில் மனு எங்கள் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது. 'உடனடி நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பவும்.' ஈ.ஓ. அதை இரண்டு தரம் படித்தார். சிவப்பு பென்சிலை எடுத்து ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார்.

'மனுதாரர் தாமே ஒப்புக்கொண்டுள்ளபடி, எட்டு நபர்கள் நெடுஞ்சாலையின் ஓரத்தை ஆக்கிரமித்து வியாபாரம் செய்து வருவதே விபத்துக்குக் காரணம் எனத் தெரிய வருகிறது. மேற்படி ஆக்கிரமிப்பை அகற்றினால் வேகத்தடைக்கான அவசியம் எழாது.'

நான் நிறுத்தினேன்.

"சார், அவங்க கேட்டது..."

"உன்னை நான் டைப் பண்ணத்தானே கூப்பிட்டேன்?"

அடித்தேன். மூன்று நகல். என்னுடைய ஓரடி வாக்கியத்தை என் கையாலேயே குற்றச்சாட்டாக மாற்றி அடித்தேன். யார் எழுதிய மனு என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று இன்று வரை எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

அகற்றும் நாளன்று, பெண்கள் இருக்கிற இடம், அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வேண்டும் என்று என்னையும் ஜீப்பில் ஏற்றினார்கள். கையில் ஒரு நோட்டு. பறிமுதல் செய்வதை எழுத வேண்டும். இரண்டு போலீஸ்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள் நான்கு பேர், ஒரு டிராக்டர். கேட்டது ஒரு சிமெண்ட் மேடு. அதற்கு ஒன்றரை வருஷம் ஆள் இல்லை, பணம் இல்லை, அதிகாரம் இல்லை. இதற்கு ஒரே காலையில் எல்லாம் இருந்தது.

கூடைகளைக் கவிழ்த்தார்கள். சங்கராவும் காரப்பொடியும் தாரில் சிதறின. மீன் வெட்டும் பலகைகள், குடைகள், எடைக்கற்கள் எல்லாம் டிராக்டரில் ஏறின. நாங்கள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு தண்ணீர் லாரி வந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் துள்ளி ஒதுங்கினார். லாரி மீன்களின் மேல் ஏறிப் போனது. "நாய்" என்று அவர் திட்டினார். அவ்வளவுதான் அன்றைய சாலைப் பாதுகாப்பு.

"ஓரமா குந்திகினு இருந்த எங்களத் தூக்குறீங்க. அந்த லாரிய இன்னா சார் பண்ணீங்க?" என்று அவள் கத்தினாள். அவள் என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள். பிறகு கம்பை ஊன்றிக் குனிந்து, நசுங்காத மீன்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். நான் 'கூடை எட்டு' என்று எழுதினேன்.

வாரக் கடைசியில் அந்தக் கோப்பில் 'நடவடிக்கை முடிவுற்றது' என்று முத்திரை விழுந்தது. அன்று இரவே ராஜினாமா எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். எழுதவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன்.

அவள் தெருத் தெருவாகக் கூடை தூக்கி விற்க ஆரம்பித்தாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு, அதே சாலையை ஒரு நாளைக்குப் பத்து தரம் குறுக்கே கடந்து. எங்கள் தெருவுக்கும் வந்தாள். முதல் சில வாரம் அவள் குரல் கேட்டால் நான் வெளியே வரமாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டு வாசலில் கூடையை இறக்கியே விட்டாள். அன்றுதான் சொன்னேன், என் வரியை வைத்துத்தான் அவர்களை எழுப்பினார்கள் என்று.

"தெரியும்" என்றாள். "நீ எழுதலன்னா வேற ஒண்ண புட்சிகினு வந்திருப்பானுங்க."

அவள் அதை ஆறுதலாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. எனக்கு அது ஆறுதலாக இல்லை.

இரண்டு வருஷத்தில் ஏரிக்கரை வளைவிலேயே அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பியது. கட்டியவர் தன் கேட்டுக்கு இரு பக்கமும் வேகத்தடை போட்டு, வெள்ளைக் கோடும் அடித்துக்கொண்டார். தீர்மானம் இல்லை, அறிவிப்பு இல்லை, நெடுஞ்சாலைத் துறையின் கடிதம் இல்லை. நான் கோப்புகளில் தேடிப் பார்த்தேன். ஒரு தாள்கூட இல்லை. அப்போது வேறு ஈ.ஓ. வந்திருந்தார். அவரிடம் சொன்னேன்.

"நல்லதுதானே மேடம் பண்ணியிருக்காங்க? விடுங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது அதைப் பற்றித்தான் பேச்சு.

"பாத்தியாம்மா, ஒண்ணு கேட்டோம், ரெண்டு போட்டுகீறாங்க. யாரு மனு குட்த்தது?"

"யாரும் குடுக்கல அக்கா."

"அதான் வந்துச்சி" என்றாள். இறந்துபோன அவளுடைய அண்ணி உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அந்த அடுக்குமாடியின் பெயர்ப்பலகை நிற்கிறது என்றும் சொன்னாள். பிறகு கூடையிலிருந்து மீன் வெட்டும் பலகையை எடுத்துப் போட்டு, ஒரு சங்கராவைச் செதில் எடுக்க ஆரம்பித்தாள்.

"நின்னுகினே கீறியே, போய் சட்டி எடுத்தாம்மா. இன்னும் நாலு தெரு கீது."