சித்தப்பாவின் கிரேக்கம்

நாங்கள் கேட்டுக்கொண்டபடியே டாக்டர் அன்று ‘கேன்சர்’ என்ற சொல்லை எடுக்கவேயில்லை. ‘கார்சினோமா’ என்றார், ‘மெட்டாஸ்டாசிஸ்’ என்றார், ஏதோ ஈரல் என்றார். சித்தப்பா கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். காரியம் நல்லபடியாக முடிந்தது என்று பெருமூச்சு விட்டேன். அதைவிடப் பெரிய மடத்தனம் நான் செய்ததில்லை.

எங்கள் குடும்ப வழக்கம் அது. பெரிய நோய் என்றால் நோயாளியைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது என்று சித்தி முதல் நாளே அழுதார். செங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவள் என்பதால் டாக்டரிடம் சொல்லிவைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மருத்துவப் பெயரையே சொல்லுங்கள், அவருக்குப் புரியாது என்றேன்.

சித்தப்பா ஜாசினில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுத்தவர். அங்கே கிடந்த பழைய மருத்துவ அகராதியைப் படித்துவிட்டு நோய்ப் பெயர்களைப் பிரித்துக் காட்டுவார். அப்பென்டிக்ஸ் லத்தீன், ஒட்டித் தொங்குவது என்பார். டயாபிடிஸ் கிரேக்கம், ஊடே ஓடிப்போவது என்பார். சொல்லிவிட்டு, அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடும் சித்தியைப் பார்த்துக் கண்ணடிப்பார். மருந்து கட்டிக் கொடுக்கிறவருக்கு ஏது கிரேக்கம், சும்மா அளக்கிறார் என்றுதான் எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ஒரு தடவைகூடச் சரிபார்க்கத் தோன்றியதில்லை.

சித்தி மருந்துக்கு வரிசையில் நின்றார். நான் சித்தப்பாவைக் காரில் உட்காரவைத்தேன். பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“கார்சினோமா வந்தது கார்கினோஸ்லேருந்து, கிரேக்கத்துல நண்டும்மா. கேன்சர்னாலும் லத்தீன்ல அதே நண்டுதான். மெட்டாஸ்டாசிஸ்னா இடம் மாறிப் போறது. அப்ப ஈரலுக்குப் போயிருச்சு, இல்ல?”

இத்தனை வருஷமும் அந்த மனிதர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே அவரிடம் மறைத்திருக்கிறோம்.

தூரத்தில் சித்தி மருந்துப் பையோடு வருவது தெரிந்தது.

“சித்திகிட்ட எனக்கு ஒன்னும் புரியலன்னு சொல்லிரு லா. அவ தாங்க மாட்டா.”

சித்தி ஏறியதும் சித்தப்பாவே ஆரம்பித்தார். டாக்டர் நீட்டி முழக்கினார், ஒரு எழவும் விளங்கவில்லை என்றார். வயிற்றுப் புண்தான் என்றார் சித்தி. சித்தியின் முகம் தெளிந்ததை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சித்தப்பா ஐந்து மாதம் இருந்தார். அந்த ஐந்து மாதமும் ஒரு நோயின் பெயரைக்கூட அவர் பிரித்துச் சொல்லவில்லை.