ஹனான் உடைத்த கால்கள்

ஜோடி பேக்கிங்

“மேடம், எங்க பிள்ளைங்களுக்கு ஒரு கால் ஏற்கெனவே இருக்கு மேடம்.”

தொலைபேசியில் இதைச் சொன்னவர் பெயர் அருள். படப்பைக்குப் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் செயற்கைக் கால் பொருத்துகிறவர். கண்ணிவெடியிலும் குண்டுவீச்சிலும் காலை இழந்த குழந்தைகளை, போர் நடக்கிற நாடுகளிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் அங்கே அழைத்து வந்துகொண்டிருந்தது. நான் ஒரகடத்தில் ஒரு ரப்பர் மோல்டிங் கம்பெனியில் குவாலிட்டி ஹெட். கார்களுக்கு எஞ்சின் மவுண்ட்டும் புஷ் என்கிற ரப்பர் வளையமும் செய்தே பழகிய எங்களுக்கு, குழந்தைகளுக்கான செயற்கைப் பாதம் செய்யும் ஆர்டர் அப்போதுதான் முதல் தடவையாக வந்திருந்தது.

நடந்தது இதுதான். காரில் இடது வலது என்று இருக்கிற எந்தப் பாகமும் எங்கள் லைனில் ஜோடியாகத்தான் பெட்டிக்குள் போகும். எல்.எச். ஒன்று, ஆர்.எச். ஒன்று. ஒன்று குறைந்தாலும் பேக்கிங் லைன் நின்றுவிடும். அருள் இடது பாதம் பன்னிரண்டும் வலது பாதம் எட்டும் கேட்டிருந்தார். எங்கள் பிளானிங்காரர் அதைப் பார்த்து, ‘பாவம், கணக்குத் தெரியாத ஆள் போலிருக்கிறது’ என்று பன்னிரண்டு ஜோடியாகத் திருத்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். புதுச் செருப்பு வைப்பதுபோல ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கால் வைத்து அனுப்பிவிட்டோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு பேலட் முழுக்க இருந்த புஷ்ஷை ரிஜெக்ட் செய்தவள் நான். அன்றிலிருந்து எனக்கு ‘ரிஜெக்ட் ஸ்டெல்லா’ என்று பெயர். பென்னலூரில் எங்கள் தெருக் காய்கறிக்காரர்கூட என்னைப் பார்த்தால் நல்ல தக்காளியை மேலே எடுத்து வைப்பார். அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு, ஒரு காலை இழந்த குழந்தைக்கு எதற்கு இரண்டு கால் என்பது தோன்றவே இல்லை.

கஸ்டமர் மிஸ்யூஸ்

மூன்று மாதம் கழித்து ஒரு பாதம் திரும்பி வந்தது. இடது பாதம், முன்பக்கம் விரிசல். மாற்றுப் பாதம் அனுப்பினோம். ஐந்தாவது வாரம் அதுவும் அதே இடத்தில் உடைந்து வந்தது. அதே குழந்தைதான்.

எங்கள் டெஸ்ட் மெஷின் ஒரு பாதத்தைக் குதிகாலில் ஒரு தடவை, விரல்பக்கம் ஒரு தடவை என்று லட்சக்கணக்கான முறை அழுத்தும். எங்கள் பாதம் அதில் தாராளமாகப் பாஸ். அதனால் கம்ப்ளெயின்ட் ஷீட்டில் ‘ரூட் காஸ்’, அதாவது மூல காரணம் என்கிற கட்டத்தில், கை கூசாமல் எழுதினேன்: “கஸ்டமர் மிஸ்யூஸ்.” கார் கம்பெனிகளோடு மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்ட வார்த்தை அது. தப்பு நம்முடையது இல்லை, வாங்கினவர் ஒழுங்காக உபயோகிக்கவில்லை என்று பொருள்.

அருள் மறுபடி கூப்பிட்டார். “மேடம், கஸ்டமருக்கு ஒம்பது வயசு. நீங்களே நேர்ல வந்து திட்டிட்டுப் போயிடுங்களேன்.”

போய்விடுவது என்று கிளிப்போர்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாதங்களை அச்சில் ஊற்றுகிற ஆபரேட்டர் முனிரத்தினம் பின்னாலேயே வந்தார். “நான் ஊத்துன காலு ரெண்டு தபா ஒடைஞ்சிதா? அது யாருன்னு நானும் பாக்கணும் மேடம்” என்றார். இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு படப்பை போய்ச் சேர்ந்தோம்.

மையத்தின் பின்பக்கம் சிமென்ட் தரையில் சாக்பீஸால் எட்டுக் கட்டம் போட்டிருந்தது. பாண்டி. மூன்று பெண் குழந்தைகள் இருந்தார்கள். அதில் ஒருத்தி ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடி மற்ற இருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் திரும்பினாள்.

“இன்னாக்கா, காலு எட்த்துகினு வந்தியா?”

ஹனான், யேமன் நாட்டுப் பெண். வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மையத்தில் வேலை செய்கிற ஆயாவின் இரண்டு மகள்களும் பள்ளி விட்டதும் நேரே இங்கே வந்துவிடுவார்கள். அவள் தமிழ் படித்தது அவர்களிடம். முனிரத்தினத்தின் கோபமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. “மேடம், இது நம்ம ஏரியா பொண்ணு மேடம்” என்றார்.

அருள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். ஹனான் அண்ணனோடு தண்ணீர் எடுக்கப் போனபோது கண்ணிவெடி. அண்ணன் வீடு திரும்பவில்லை. இவள் ஒரு வருடம் ஒற்றைக் காலில் கழித்தாள். இங்கே வந்த முதல் இரண்டு மாதம் அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியாக இந்தப் பிள்ளைகள் பாண்டி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் திடீரென்று கத்தியிருக்கிறாள்: “அவுட்டு!”

“அதுதான் மேடம் அவ வாயில வந்த மொத வார்த்த. அதுவும் கோட்ட மிதிச்சத கரெக்ட்டா பாத்துட்டா.”

ஆனாலும் வந்த வேலை இருக்கிறதே. கிளிப்போர்டை நிமிர்த்திக்கொண்டு விசாரித்தேன்.

“கால் எப்படிம்மா உடைஞ்சது?”

“ஆடிகினே இருந்தேன். டப்புனு சவுண்டு. அவ்ளோதான்.”

“எந்தக் காலில் நொண்டியடிச்சே?”

இல்லாத காலைக் காட்டினாள்.

“ஏன்? நல்ல கால்லதானே ஆடணும்?”

ஆயாவின் மூத்த மகள் திவ்யா குறுக்கே வந்தாள். “நல்ல கால்ல ஆடுனா டெய்லி அவளே வின் பண்றா ஆன்ட்டி. ஒரு வருஷம் ஒத்தக் கால்லயே இருந்துக்கீறா. ஃபுல் பிராக்டிஸு. அது சீட்டிங்குதான? அதான் புதுக் கால்லதான் ஆடணும்னு ரூலு போட்டோம்.”

“ரூலு கரெக்ட்டுதான்” என்று ஹனானும் தலையாட்டினாள்.

என் கம்ப்ளெயின்ட் ஷீட்டில் இதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

“அடுத்த மாசம் ஊருக்குக் கெளம்புறாங்க” என்றார் அருள். “அங்க இது ஒடைஞ்சா மாத்திக் குடுக்க ஆள் கெடையாது. மறுபடியும் ஊன்றுகட்டதான்.”

“அப்போ அங்கே போய் ஆடாதேன்னு சொல்லிடலாமே?” என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஓரமாக உட்கார்ந்திருந்த அவள் அம்மாவிடம் ஹனான் அதை அவர்கள் மொழியில் சொன்னாள். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். ஹனான் மொழிபெயர்த்தாள்: “ஆட வேணாம்னா நான் மறுபடியும் பேச மாட்டனாம். அம்மா பயப்புடுது.”

கிளிப்போர்டைப் பைக்குள் வைத்தேன்.

மஞ்சள் டேப்

மறுநாள் பிளான்ட் ஹெட் ராகவன் சார் தலைமையில் மீட்டிங். நொண்டியடிக்கும்போது பாதத்தில் எங்கே சுமை விழுகிறது? குதிகாலா, விரலா? என்ஜினீயர்கள் போர்டு நிறைய அம்புக்குறி போட்டார்கள். ஒரு மணி நேரம் போயிற்று. அங்கே இருந்த எட்டு ஆண்களில் பாண்டி ஆடியவர் ஒருவர்கூட இல்லை. நான் ஆடி நாற்பது வருடம் ஆகிவிட்டது. கடைசியில் பேக்கிங் லைனிலிருந்து செல்வியைக் கூப்பிட்டேன். தென்காசிப் பக்கத்துப் பெண், இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி வேலைக்கு வருகிறவள்.

“குதிங்கால ஊனி எவளாவது நொண்டியடிப்பாளா சார்? இதுக்கா இம்புட்டு நேரம் பேசிட்டிருந்திய?” என்றாள்.

ஆடிக் காட்டச் சொன்னோம். அதிலும் ஒரு சிக்கல். எங்கள் ஷாப் ஃப்ளோரில் சாக்பீஸ் கோடு போடக் கூடாது. தரையில் எந்தக் கோடாக இருந்தாலும் மஞ்சள் டேப்பில்தான் இருக்க வேண்டும், அது கம்பெனி விதி. ஆகவே முனிரத்தினம் முட்டிபோட்டு, ஸ்கேல் வைத்து, மஞ்சள் டேப்பில் எட்டுக் கட்டம் ஒட்டினார். சில்லுக்கு ஒரு ரிஜெக்ட் புஷ்.

செல்வி ஆடினாள். விரல்பக்கம்தான் இறங்கினாள். அது எங்கள் மெஷினுக்கும் தெரியும். திரும்பி வரும் வழியில் ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து, பக்கவாட்டில் கை நீட்டிச் சில்லை எடுத்தாள்.

“அப்படியே நில்லு!” என்று கத்திவிட்டேன்.

முழு உடம்பின் பாரமும் முன்பாதத்தில் இருக்க, பாதம் முறுக்கிக்கொண்டு நின்றது. உடைந்த இரண்டு கால்களிலும் விரிசல் ஆரம்பித்தது சரியாக அந்த இடத்தில்தான். எங்கள் மெஷின் அழுத்தும், முறுக்காது. காரணம் கிடைத்த சந்தோஷத்தில் ஆளாளுக்கு ஆடிப் பார்த்தோம். நான் மூன்றாம் கட்டத்தில் அவுட். முனிரத்தினம் ஆடியபோது பக்கத்து மேஜையில் டீ டம்ளர் ஆடியது. ராகவன் சார் சேஃப்டி ஷூவோடு நாலாம் கட்டம் வரை வந்துவிட்டார்.

மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்த ஆடிட்டர்கள் அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார்கள். எங்கள் தரத்தைச் சோதிக்க ஒரு பெரிய கார் கம்பெனி அனுப்பிய ஆட்கள். ராகவன் சார் அவர்களைப் பார்த்தார். ஆனால் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

“சார், காலை இறக்குங்க” என்று கிசுகிசுத்தேன்.

“வெச்சா அவுட்டும்மா” என்றார்.

ஆடிட்டர் ஒருவர் தரையைக் காட்டி இது என்ன ஏரியா என்று கேட்டார். முனிரத்தினம் அசராமல் சொன்னார்: “டெஸ்ட் டிராக்கு சார்.” அப்படியானால் டாக்குமென்ட் நம்பர் என்ன என்று அடுத்த கேள்வி. நான் அங்கேயே ஒரு தாளில் படம் போட்டு, நம்பர் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். எதற்காக இதெல்லாம் என்றும் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டில் எங்களைப் பற்றி ஒரே ஒரு குறைதான் இருந்தது: டெஸ்ட் டிராக்குக்குப் பெயர்ப் பலகை இல்லை. அடுத்த வாரமே வைத்துவிட்டோம். “பாண்டி டெஸ்ட் ஏரியா. அனுமதி பெற்றவர்கள் மட்டும்.”

ரிஜெக்ட்

மெஷினில் முறுக்குகிற கை ஒன்றைச் சேர்த்தோம். பழைய பாதம் இரண்டாம் நாளே படாரென்று உடைந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு பொருள் உடைந்ததற்காக நான் கை தட்டியதில்லை. உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் தகட்டின் முன்முனையை உருட்டி, நீளம் கூட்டி, புதிதாக ஊற்றி எடுத்துக்கொண்டு படப்பைக்கு ஓடினோம்.

ஹனான் மாட்டிக்கொண்டு இரண்டு கட்டம் தாண்டினாள். நின்றாள். “கல்லு மாரி கீது. வளைய மாட்டேங்குது. வேணாம்.”

“ரிஜெக்ட் மேடத்துக்கே ரிஜெக்ட்டு!” என்று முனிரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்காமல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இரண்டாவது பாதம் வளைந்தது, ஆனால் அடிப்பக்கம் வழுக்கியது. அதற்கும் ரிஜெக்ட். என் வாழ்நாளில் எத்தனை பேரை நான் இப்படித் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று ஷேர் ஆட்டோவில் எண்ணிக்கொண்டே வந்தேன்.

மூன்றாவதைக் கொண்டுபோனபோது அவள் கிளம்ப நாலே நாள் பாக்கி. எட்டுக் கட்டமும் போனாள். திரும்பினாள். குனிந்தாள். பாதம் முறுக்கியது. அருள், நான், முனிரத்தினம், அவள் அம்மா, யாரும் மூச்சு விடவில்லை. சில்லை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள். டப் சத்தம் வரவில்லை. அடுத்த கட்டத்தில் கோட்டை மிதித்துவிட்டாள்.

“அவுட்டு!” என்றாள் திவ்யா.

“மிதிக்கல! நீ பொய் சொல்ற!”

கால் மணி நேரம் சண்டை நடந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் ஞாபகம் வந்து, “இது ஓகேக்கா” என்றாள். இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில் ‘அப்ரூவ்டு’ கட்டத்தில் அவளையே கையெழுத்துப் போடச் சொன்னேன். வலமிருந்து இடமாக எழுதினாள்.

அவளுக்கு அனுப்பும் பெட்டியை முனிரத்தினம் கட்டினார். “மேடம், ஜோடியா வெச்சுட்டேன்” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனைக்குப் பிறகும் அதே தப்பா என்று பெட்டியைப் பிரித்தேன். உள்ளே இரண்டும் இடது பாதம். ஒன்று அவள் அளவு, இன்னொன்று ஒரு சைஸ் பெரியது.

“கொய்ந்த வளராதா மேடம்?”

எனக்கு அது தோன்றவே இல்லை. கார் பாகம் வளராது. அன்றிலிருந்து குழந்தைப் பாதம் எங்கள் லைனில் அப்படித்தான் ஜோடியாகப் போகிறது. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாதத்தை மாற்ற அவள் அம்மாவுக்கு அருள் கற்றுக் கொடுத்தார்.

கடைசி ஷீட்

இப்போது லைனில் இருக்கிற இளம் இன்ஸ்பெக்டர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ரூட் காஸ் கட்டத்தில் ‘கஸ்டமர் மிஸ்யூஸ்’ என்று எழுதக் கை போனால், முதலில் ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் அந்தக் கஸ்டமரைப் பார்த்துவிட்டு வாருங்கள். நமது மெஷின் செய்கிற வேலையோடு கஸ்டமர் நின்றுவிடுவதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, யேமனிலிருந்து சிகிச்சைக்கு வந்த வேறொரு குடும்பம் அருளிடம் ஒரு பொட்டலம் கொடுத்தது. அவர் அதை எனக்கு அனுப்பினார். உள்ளே ஹனானின் இடது பாதம், அந்தச் சின்ன சைஸ். திரும்பி வருகிற எதற்கும் ஷீட் போட்டாக வேண்டும் என்பது விதி. மேஜை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். விரிசல் எங்கும் இல்லை. முன்பாதத்தின் அடிப்பக்கம் மட்டும், குனிந்து முறுக்குகிற அந்த இடத்தில், நன்றாகத் தேய்ந்திருந்தது. முனிரத்தினம் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

நான் ஷீட்டை நிரப்பினேன். குறை: அளவு பத்தவில்லை. நடவடிக்கை: அடுத்த இரண்டு சைஸ் அனுப்பவும். ரூட் காஸ்: கஸ்டமர் வளர்ந்துவிட்டார்.

ராகவன் சார் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு எழுத்துகூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.