மாடுகள் முதலில்

காலை ஆறரை மணிக்கு எங்கள் நடைபாதையின் குறுக்கே ஆளுயரத்துக்கு முள் அடுக்கியிருந்ததைப் பார்த்து நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, எங்கள் டிரஸ்ட் செயலாளர் மட்டும் சிரித்தார். “ரூட்டை மாத்திட்டாங்கப்பா” என்றார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, பெங்களூரில் பல வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். எந்தக் கூட்டத்தையும் ஓர் அதட்டலில் ஒழுங்குபடுத்திவிடும் குரல் அவருடையது.

பெங்களூரில் பீன்யா தொழிற்பேட்டையைத் தாண்டி ஓர் ஏரியை ஒட்டிக் கிடந்த வெற்று நிலம் கட்டடங்களாகிவிடக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஆரம்பித்தது எங்கள் டிரஸ்ட். இரண்டு குடும்பங்கள் நிலம் கொடுத்தன. சுற்றிலும் கம்பி வேலி போட்டு, செடி நட்டு, ஏரிவரை எல்லாரும் நடக்க ஒரு பாதை அமைத்தோம். தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவன் என்பதால் பாதையை வரைந்தது நான். வேலியை வரைந்ததும் நான்தான். பாதையின் கடைசித் துண்டு மட்டும், எங்கள் நிலத்துக்கு இந்தப் பக்கம் கொட்டகை வைத்து மாடு வளர்க்கும் ஒரு கௌடருடையது. வாய்வார்த்தையாகச் சம்மதித்திருந்தவர், திறப்பு விழா நெருங்கும் நேரத்தில் முள்ளைப் போட்டுவிட்டார். அந்தத் துண்டு இல்லையென்றால் பாதை ஏரியைத் தொடாது.

வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். செயலாளர் காதில் வாங்கவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு கௌடர் வீட்டுக்குப் போய், கொட்டகை ஓரமாக உட்கார்ந்தார். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு மாட்டின் பெயரையும் கன்னடத்தில் விசாரித்தார். ஒரு கன்றுக்குப் பின்காலில் கட்டுப் போட்டிருந்தது. அதற்கு என்ன ஆயிற்று என்று கேட்டதும்தான் கௌடர் பொரிந்து தள்ளினார். எனக்கும் உறைக்கட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார்.

“நீங்க வேலி போட்டீங்க. என் மாடு தண்ணிக்கி எங்க போகும்? மெயின் ரோட்ல சுத்திப் போச்சு, லாரி இடிச்சிடுச்சு. என் மாட்டுக்கு வழி இல்ல, உங்க வாக்கிங்குக்கு நான் வழி விடணுமா? ஆகல்ல சாமி, முடியாது!”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த நிலத்தை எத்தனையோ தடவை அளந்தவன் நான். மாடுகள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடத்தைப் பார்த்துமிருக்கிறேன். படத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மாடுகளை உள்ளே விட்டால் ஒரு செடி மிஞ்சாது என்று டிரஸ்ட் கூட்டத்தில் பாதிப் பேர் கத்தினார்கள். செயலாளர் எழுந்தார். “செடிக்குக் கூண்டு போட்டுக்கலாம். மாட்டுக்குப் போட முடியுமா? ஏற்கெனவே சீட்ல இருந்தவங்கள எழுப்பிட்டு நாம உக்காந்திருக்கோம்” என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த கையோடு மாடுகளுக்கு வழி விடத் தீர்மானமும் போட்டார்கள்.

மறுநாள் வேலியை இரண்டு இடத்தில் நானே வெட்டி வழி விட்டேன். அந்த வாரமே முள் காணாமல் போயிற்று. பொதுமக்கள் நடக்கும் உரிமையைக் கௌடர் எழுத்திலேயே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: காலையிலும் மாலையிலும் மாடுகள் முதலில். இன்று காதில் ஒயர் மாட்டிய ஐடி ஊழியர்கள்கூட ஓரமாக ஒதுங்கி, அவை போகும்வரை நிற்கிறார்கள்.

செயலாளர் இப்போது ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். சென்ற மாதம் கட்டடக் கம்பெனிக்காரர் ஒருவர் கௌடரின் நிலத்தை விலைக்குக் கேட்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன். கௌடர் அவரை ஏற இறங்கப் பார்த்து, “நம்ம டிரஸ்ட்ல கேட்டுத்தான் சொல்லணும். குடுக்க மாட்டாங்க” என்றார்.

அன்றைக்கே செயலாளருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“நம்ம டிரஸ்ட்டுன்னா சொன்னாரு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். நம்பாதவர்போல மறுபடியும் ஒரு தடவை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.