அண்ணனுக்கு ஒரு சிறுநீரகம்

சிங்கப்பூர் காத்தோங் கோயிலில் பாரதச் சொற்பொழிவு. என் பக்கத்தில் இருந்தவர் ஜாலான் புசாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஐம்பது வயதிருக்கும், கனத்த உடம்பு. பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

அண்ணன் செய்தது அநியாயம் என்று சபையில் எழுந்து சொன்ன கௌரவர்களில் ஒருவன், போரில் அதே அண்ணனுக்காக உயிரை விட்ட கட்டம் வந்தது.

"அவன் பாண்டவர் பக்கம் போயிருக்கலாமே?" என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "கடையை அபகரிச்சார்னு எங்க அண்ணன் மேல நானே கேஸ் போட்டு ஜெயிச்சேன் சார். அடுத்த வாரம் அவருக்கு என் கிட்னியைக் கொடுக்கிறேன்."

"அப்ப மன்னிச்சிட்டீங்க."

"இல்ல லா. அது வேற, இது வேற."

சொற்பொழிவு முடிந்ததும் கும்பிட்டுவிட்டுப் போனார். மன்னிக்காமலே எப்படிக் கொடுக்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.