அக்காவின் பின்னல்

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் கௌரவக் குறைவு. என் அக்கா மக்கு என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். என்னைவிட மூன்று வயது மூத்தவள் மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கி, ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வேறு என்னவென்று நினைப்பது?

எனக்கு அப்போது ஆறு வயது. ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத உடம்பு. சிலேட்டுக் குச்சியைத் தின்பேன், பக்கத்துப் பையனைக் கடிப்பேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ரயில் ஊதினால் போதும், ஜன்னலைத் தாண்டிக் குதித்துத் தண்டவாளத்தைப் பார்க்க ஓடிவிடுவேன். அம்மா கோயிலில் தாயத்துக் கட்டிவிட்டாள், கடித்துத் துப்பினேன். வாத்தியாரின் பிரம்பு என் முதுகில் முறிந்ததை என்னுடைய வெற்றியாகவே எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டனுப்பி, இனி இவனை வைத்துக்கொள்ள முடியாது என்றார். பட்டறை எண்ணெய் காயாத கையோடு வந்து நின்ற அப்பா, சரி, கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் மாமாவிடம் புல் வெட்ட அனுப்பிவிடுகிறேன் என்றார். எனக்கு ஒரே குஷி. கிள்ளானுக்கு ரயிலில்தானே போக வேண்டும்.

எல்லா வகுப்புக்கும் ஒரே கூடம்தான்; மூன்றாம் வகுப்புப் பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து வந்தாள்.

"சார், நான் இவன் பக்கத்துல உக்காந்துக்கிறேன். ரயில் போற வரைக்கும் மட்டும் இவன நிக்க விடுங்க சார்."

உன் பாடம் என்னாவது என்று வாத்தியார் கேட்டார். அப்புறம் படித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து அவள் பின்னல் என் கையில். ரயில் ஊதும், பின்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதிப்பேன். கடைசிப் பெட்டி போனதும் பெஞ்சைத் தட்டுவாள், உட்காருவேன். இழுத்த இழுப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கும். நான் பிழையில்லாமல் எழுதிய நாளில், பார், உன்னை முந்திவிட்டேன் என்று நாக்கைத் துருத்தினேன். சிரித்தாள்.

பின்னல் இல்லாமல் உட்காரப் பழகியபோது நான், பக்கத்தில் அவளோடு, மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அந்த வருஷம் அக்கா பெரியவளானாள், வீட்டோடு நிறுத்திவிட்டார்கள். மக்கு, அதனால்தான் என்று பையன்களுக்கு நானே விளக்கம் கொடுத்தேன்.

எனக்கு வாய்த்தது ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வேலை. நாளெல்லாம் நாற்காலியில் உட்காருவதற்குச் சம்பளம்.

கல்யாணமாகிக் கிள்ளானில் இருந்த அக்காவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பிள்ளைக்கு இருமல். மருந்துப் புட்டியில் இருந்த இங்கிலீஷைப் படித்து எத்தனை கரண்டி என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். வாய் அதோடு நின்றிருக்கலாம்.

"ஏன்க்கா, நீ மூணாம் வகுப்பத் தாண்டவே இல்ல?"

கரண்டியில் மருந்தை ஊற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்:

"நீ உக்காரலையே."