சாய்வுப்பாதையில் நிறைகுடம்

சக்கர நாற்காலியில் இருந்தபடி ஊர் ஊராகப் போய், "உங்கள் கட்டடத்துக்குள் நான் எப்படி வருவது?" என்று வாசலில் நின்று கேட்பதுதான் என் உத்தியோகம், நின்று என்பது சும்மா பேச்சுக்கு. மாற்றுத்திறனாளிகள் சங்கம் ஒன்று இதற்குச் சம்பளமும் தருகிறது. படியடியில் காத்திருந்து காய்ந்த சகபாடிகளே, இது உங்களுக்குத்தான்.

வராத ஆட்கள்

சாவகச்சேரியில் ஒரு கந்தோர், பெரிய அலுவலகம். வாசலில் உயரமான படிகள். உள்ளே ஆள் அனுப்பினேன். முகாமையாளர் தங்கமான மனிதர்; வெயிலென்றும் பாராமல் வெளியே வந்து, எனக்குச் சோடாவும் எடுப்பித்துத் தந்தார். சாய்வுப்பாதை ஒன்று கட்டலாமே என்றேன். உண்மையாகவே யோசித்துவிட்டுச் சொன்னார்:

"கட்டலாம் தம்பி. ஆனா உங்களைப்போல ஆக்கள் ஒருத்தரும் எங்கடை கந்தோருக்குள்ளை வாறேல்லையே!"

படி பார்த்துப் பாடம்

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு பாடசாலை. அங்கே மிதுஷா என்றொரு பிள்ளை, சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தவள். என்னைப்போலவே சக்கர நாற்காலி. கணக்காளராக வரவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். உயர்தர வணிகப் பிரிவோ படியேறிப் போகும் புதுக் கட்டடத்தில். கலைப்பிரிவு, படியே இல்லாத பின்பக்கக் கொட்டகையில்.

நானும் அவளும் பாடசாலை அதிபரிடம் போனோம். அவர் மிதுஷாவின் பெறுபேற்றைப் பார்க்கவில்லை, நாற்காலியின் சில்லைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஆர்ட்ஸ்தான் பொருத்தம். வாசல் தாராளம்!"

சாமியும் மிதுஷாவும்

சட்டம், சுற்றறிக்கை என்று நான் அடுக்கியதில் அவர் கொஞ்சம் இறங்கினார். வணிகப் பிரிவில் இடம் கிடைத்தது. சாய்வுப்பாதை வரும்வரை மேல்வகுப்புப் பெடியள் அவளை நாற்காலியோடு தூக்கிப் படியால் காவுவதென்று ஏற்பாடு. "கோயிலிலை சாமி காவிற பெடியள், விழவிடாங்கள்" என்று அதிபர் உத்தரவாதம் தந்தார்.

தவணைப் பரீட்சையன்று ஊர்க்கோயில் தேர். காவும் பெடியள் எல்லாரும் முன்கூட்டியே லீவு கேட்டு வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். வினாத்தாள் மேலே, மிதுஷா கீழே. மணி அடித்து முடியும்வரை அவள் பேனையைத் திறந்தபடி இருந்தாளாம். கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிபருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார்:

"சாமி வருசத்திலை ஒருக்காத்தானே தம்பி தேர் ஏறுறார். பிள்ளை ஒவ்வொரு நாளும் ஏறுதுதானே!"

கனடாவுக்கு ஒரு படம்

கடைசியில் கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், தகப்பனாரின் ஞாபகார்த்தமாகச் சாய்வுப்பாதை கட்ட முன்வந்தார். கட்டினார்கள். மேலே முகம் பார்க்கக்கூடிய மாபிள்! நான் ஏறிப் பார்த்தேன். ஏறிய வேகத்தைவிட வேகமாகக் கீழே வந்து சேர்ந்தேன்.

மாபிளைக் கிளப்பிவிட்டுச் சொரசொரப்பாகச் சீமெந்து பூசவேண்டும் என்று சண்டை பிடித்தேன். மேசன் கோபிக்கவே இல்லை.

"அதுக்கென்ன அண்ணை, கனடாவுக்குப் படம் அனுப்பியாச்சு. இனிக் கிளப்பலாம்."

திறப்பு விழா

வாழை, தோரணம், மேளம் எல்லாம் வந்தன. சாய்வுப்பாதையின் நட்டநடுவே நிறைகுடம் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றியிருந்தார்கள். விருந்தினர்கள் சந்தனம் பூசி, விளக்குகளுக்குச் சேலை படாமல் ஒதுங்கி, நல்ல கால்களால் நடந்து ஏறினார்கள். மிதுஷா கீழே இருந்தாள். குடத்தைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன். விழாவுக்குப் பொறுப்பான ஆசிரியை பதறிப்போனார்.

"நிறைகுடத்தை இடையிலை அசைக்கக்கூடாது. இண்டைக்கு மட்டும் பிள்ளையைப் படியாலை காவுவம்!"

திங்கட்கிழமை

எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனேன். சாய்வுப்பாதைக்கு நல்ல கூரைநிழல். ஆகவே ஆசிரியர்களின் மோட்டார்சைக்கிள்கள் அதில் வரிசையாக நின்றன, அதிபருடையது உட்பட. பெடியள் காவ ஓடிவந்தார்கள். மிதுஷா மாட்டேன் என்றாள். பாதையின் அடியில் நாற்காலியைக் குறுக்கே விட்டு, பிரேக்கைப் போட்டு, கணக்கியல் புத்தகத்தை விரித்தாள்.

கொஞ்ச நேரத்தில் அதிபர் ஹெல்மெட்டோடு அவசரமாக வந்தார். வலயக் கல்விக் கந்தோரில் கூட்டமாம். "பிள்ளை, கொஞ்சம் விலத்தும்" என்றார். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"யோசியாதேங்கோ சேர். சாமி காவிற பெடியள் நிக்கினம், உங்கடை மோட்டச்சைக்கிளைப் படியாலை காவி இறக்குவினம்."

அன்று மத்தியானமே மோட்டார்சைக்கிள்கள் மரநிழலுக்கு இடம்பெயர, மிதுஷா தானே உருட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். இத்தனை காலமாக நான் சட்டம் சொல்லியும் விளங்காத விசயம், தன் வண்டி மறிபட்டதும் அதிபருக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது.