முதல் நாளே போய் வாசல் பார்த்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, மிச்சம் என்ற ஊரில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையைத் திறந்துகொண்டிருந்தபோது உள்ளே தொலைபேசி அடித்தது. அப்பா. கடைக்கு எடுக்கிற பழக்கமே இல்லாதவர். "பிலோமினா மோசம் போயிட்டா, பிள்ளை" என்றார். பிறகு அழுகைதான் கேட்டது. அம்மா செத்தபோதுகூட என் முன்னால் அழாத மனிதர் அவர். பிலோமினா அக்காவுக்காக ஏன் அழுதார் என்பதை எழுதாவிட்டால் எனக்கு ஆறாது.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அக்காவைத் தெரிந்திருக்கும். மன்னாரில் இருந்து எங்களுக்கெல்லாம் முதலே வந்தவர். எண்பதுகளில் நாங்கள் இந்த இங்கிலீஷ்காரர் நாட்டில் அகதிகளாக வந்து இறங்கியபோது ஆஸ்பத்திரியிலும் கவுன்சிலிலும் வக்கீல் கந்தோரிலும் எங்களுக்காக இங்கிலீஷ் பேசியவர். சேலைக்கு மேல் கணவரின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு, பஸ் வருமுன்னே கையைக் காட்டியபடி நிற்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாரையாவது ஓரிடத்துக்குக் கூட்டிப் போவதென்றால், முதல் நாளே தனியாகப் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவார். எந்த வாசல், எந்த லிப்ட், எங்கே இருக்கலாம் என்றெல்லாம் பார்த்து வைப்பார். "தெரியாத வாசலில நிண்டால் மனிசருக்கு வாய் வராது" என்பார்.

அம்மாவுக்கு இனி வைத்தியம் இல்லை என்று டொக்டர் சொன்ன நாளிலும் அப்படித்தான். நடைபாதையில் நிற்க வைத்தே சொல்லப் பார்த்தார் டொக்டர். அக்கா அவரை மறித்து, முதல் நாளே கண்டு வைத்திருந்த ஒரு சின்ன அறைக்குள் எங்களைக் கூட்டிப் போனார். அப்பாவைக் கதிரையில் இருத்தி, கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் தமிழில் சொன்னார். அழுத்தமும் இல்லாத, இரக்கமும் காட்டாத ஒரு குரல். அன்றிலிருந்து அக்கா கூப்பிட்டால் அப்பாவால் வரமாட்டேன் என்று சொல்ல முடிந்ததில்லை.

அம்மா போய் ஒரு வருடம் கழித்து, நான் ரவியை விரும்புகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். படித்த பொடியன், நல்ல வேலை. அப்பா கேட்டது ஒன்றுதான்: "ஆர் ஆக்கள்?" எங்களவர்கள் சாதியைக் கேட்கும் விதம் அது. பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் வாயில் வைக்கமாட்டேன் என்றார். யாழ்ப்பாணத்தில் கணக்கு மாஸ்டராக இருந்தவர் இங்கே சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று அடுக்கியவன் ஆர் ஆக்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை எங்களுக்கென்று பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

அப்பா சொன்னது ஸ்ட்ரெதமில் இருந்த ரவியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ரவியின் தகப்பன் செல்லையா, பெற்றோல் ஷெட்டில் வேலை, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஆனால் மானம் அவருக்கும் இருந்தது. பெண்ணின் தகப்பன் எங்களோடு ஒரு வாய் சாப்பிடாமல் இந்தக் கலியாணம் நடக்காது என்று சொல்லிவிட்டார். தகப்பனை மீறி வருவதற்கு ரவியும் தயாரில்லை. இரண்டு கிழவர்களுக்கு நடுவில் என் வாழ்க்கை தொங்கியது. பிலோமினா அக்காவிடம் போய் நின்றேன்.

"அவையின்ர வீடும் வேண்டாம், உங்கட வீடும் வேண்டாம். சீனக் கடையில சாப்பிடுவம்" என்றார்.

சோஹோவில் ஒரு சின்னத் தெருவில் மாடியில் இருந்தது அந்தக் கடை. ஞாயிறு மத்தியானம். வட்ட மேசையைச் சுற்றி ஐந்து பேர்: அப்பா, நான், ரவி, அவன் தகப்பன், அக்கா. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சமையற்காரர் மாவை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் நீட்டி, மடித்து, மறுபடி நீட்டி, இடையிடையே பலகையில் ஓங்கி அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் அப்பாவின் தோள் துள்ளியது. செல்லையா மாமாவின் தோளும்தான். குண்டுச் சத்தம் கேட்டு வந்தவர்கள் இருவரும். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"எனக்கு இண்டைக்கு விரதம்" என்றார் அப்பா திடீரென்று. அவருடைய விரதங்கள் தேவைக்கு ஏற்றபடி வரும். செல்லையா மாமாவின் முகம் கறுத்தது. ரவி கதிரையைப் பின்னால் தள்ளினான்.

அக்கா மெனுவில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. நேற்றே வந்து கேட்டுவிட்டேன் என்றார். மாவில் முட்டை இல்லையாம், மாவும் தண்ணீரும் உப்பும்தானாம். மரக்கறிக்கு வேறு சட்டி வைக்கச் சொல்லியாயிற்றாம். விரதக்காரரும் சாப்பிடலாம் என்று முடித்தார்.

நூடில்ஸ் ஒரே பெரிய கோப்பையில் ஆவி பறக்க வந்தது. வெட்டாத நூடில்ஸ், முழ நீளம். பரிமாறுவது யார்? அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். பழக்கதோஷத்தில் செல்லையா மாமா எழுந்தார். எங்களில் மாப்பிள்ளை வீட்டாரோ பெண் வீட்டாரோ, யாராவது எழுந்து பரிமாறாமல் சாப்பாடு தொடங்காதே. இடுக்கியால் ஒரு பிடி அள்ளி, முதலில் அப்பாவின் பக்கம் நீட்டினார்.

அப்பா தன் கிண்ணத்தின் மேல் கையை விரித்து மூடினார்.

போதும் என்பதற்கு நாங்கள் காட்டுகிற கைதான். ஆனால் கிண்ணத்தில் இன்னும் ஒன்றும் விழவில்லை. நூடில்ஸ் அந்தரத்தில் தொங்கியது. செல்லையா மாமா கையை இழுக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

"மாஸ்டர், கையை எடுங்கோ. சுடப்போகுது" என்றார் அக்கா.

ஆஸ்பத்திரியின் அந்தச் சின்ன அறையில் கேட்ட அதே குரல். அப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் மா இன்னொரு தடவை பலகையில் விழுந்தது. அப்பா கையை எடுத்தார்.

நூடில்ஸ் கிண்ணத்தில் விழுந்தது, ஆனால் அறுபடவில்லை. ஒரு நுனி அப்பாவிடம், மற்ற நுனி இன்னும் பெரிய கோப்பைக்குள். வெட்டவோ என்று செல்லையா மாமா கேட்டார். அதுதான் அவர் அப்பாவிடம் பேசிய முதல் சொல். "வேண்டாம், இருக்கட்டும்" என்றார் அப்பா. பிறகு முள்ளுக்கரண்டியால் படாதபாடு பட்டு, சட்டையெல்லாம் தெறிக்கச் சாப்பிட்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அக்காவே சிரிப்பார். கலியாணத்துக்குப் பிறகும் ஸ்ட்ரெதம் வீட்டில் வெகுகாலம் தேத்தண்ணியைத் தொடாமல்தான் இருந்துவிட்டு வருவார். நான் அக்காவிடம் முறையிட்டபோது சொன்னார்: "ஒரு நாளில மனிசர் மாறாயினம். அண்டைக்கு ஒரு வாய் சாப்பிட்டாரெல்லே, அது அண்டைக்குக் காணும்." என் மகள் பிறந்து, அவளை அந்த வீட்டில் பார்க்க வந்த அன்றுதான் அப்பா தானாகவே தேத்தண்ணி கேட்டார்.

நாளை வேதக்கோயிலில் அக்காவின் இறுதிப் பூசை. நேற்று நான் தனியாக அந்தக் கோயிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முன்வாசலில் படிகள் அதிகம், அப்பாவின் முழங்காலுக்கு ஏலாது. பக்கவாசல் படியில்லாமல் இருக்கிறது, திறந்து வைப்பதாகப் பாதிரியார் சொன்னார். நான் வைத்துக்கொள்ளும் சொத்து இந்தப் பழக்கம்தான்.

வந்து அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செல்லையாவுக்கும் பக்கத்தில ஒரு இடம் பாத்தனியோ?" என்றார்.

பார்த்திருந்தேன்.